கடித்தது யார்?

ஒரு பூச்சியின் வயிற்றுக்குள் இந்த வாரம் உங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிற வழக்கம் உள்ளவர்கள் முதலில் கை கழுவிவிட்டு வாருங்கள். அவசரமில்லை, பூச்சி எங்கும் போய்விடாது.

போகிற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் மூலமாக நமக்குக் கெடுதல் வந்ததோ, அவர் சட்டையைப் பிடித்து, ‘செய்தது நீதானே?’ என்று கேட்கிறோம். எல்லாச் சமயத்திலும் அது சரிதானா? தத்துவப் புத்தகங்களில் இந்தக் கேள்விக்குக் கனமான பெயர்கள் எல்லாம் உண்டு. எனக்கென்னவோ இதை மணல் ஈயைவிடத் தெளிவாகக் கேட்டவர்கள் இல்லை என்று தோன்றுகிறது. தான் கேட்டோம் என்பது அதற்கே தெரியாது, பாவம்.

மணல் ஈ பெயரில்தான் ஈ. பார்த்தால் கொசு ஜாதி. அதுவும் நல்ல சாப்பாடு கிடைக்காமல் வளர்ந்த கொசு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம். உட்காரும்போது இறக்கையை மடிக்காமல் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி தூக்கி வைத்துக்கொள்ளும். கொசு மாதிரி காதருகே கச்சேரி செய்யாது. அதிக தூரம் பறக்க வராது, தத்தித் தத்தித்தான் போகும். மாட்டுத் தொழுவம், மண் சுவரின் வெடிப்பு, ஈரமான இருட்டு மூலை, இதெல்லாம் அதன் வாசஸ்தலம். ஆண் ஈ பரம சாது, செடிகளின் இனிப்புச் சாற்றோடு திருப்திப்பட்டுவிடும். பெண்ணும் அதைக் குடிக்கும். ஆனால் முட்டையிட வேண்டுமானால் அதற்கு ரத்தம் வேண்டும். கர்ப்பிணி சாப்பாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஈ பரப்புகிற நோய்க்குக் காலா அஸார் என்று பெயர். கருப்புக் காய்ச்சல் என்று அர்த்தம். வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும். உடம்பு உருகும். மண்ணீரல் வீங்கி வயிறு பானை மாதிரி முன்னால் தள்ளும். ரத்தம் சுண்டிப்போகும். வைத்தியம் செய்யாமல் விட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. கல்கத்தாவில் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கொண்டுவந்த பிறகுதான் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஜனங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள்.

ஏதோ பீகார், வங்காளத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இந்த நோய்க்குக் காரணமான கிருமியின் பெயரிலேயே சென்னை இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற ஜி.ஹெச்.சில் 1903-ல் வேலை பார்த்த ஐரிஷ்கார டாக்டர் சார்லஸ் டொனோவன், நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்தார். அதே உருண்டைகளை, கல்கத்தா டம்டம்மில் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பி 1900-ல் செத்துப்போன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்திருந்தார் வில்லியம் லீஷ்மன். அவர் அதை எழுதி வெளியிட்டதும் 1903-ல்தான். யாருக்குப் பெருமை என்ற பிரச்னைக்கு மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ் சமரசம் செய்துவைத்தார். கிருமிக்கு ‘லீஷ்மேனியா டொனோவானி’ என்று பெயரிட்டார். ஆக, பஞ்சாயத்து முடிந்தது. இரண்டு பேர் பெயரையும் ஒரு கொலைகாரக் கிருமிக்கு வைத்தது மரியாதையா இல்லையா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கிருமி தெரிந்துவிட்டது. யார் அதை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குக் கொண்டுபோகிறார்கள்? இங்கேதான் குற்றவாளியைத் தேடும் கதை ஆரம்பிக்கிறது.

முதலில் மாட்டிக்கொண்டது மூட்டைப்பூச்சி. அதே சென்னையில் பேட்டன் என்ற ஆராய்ச்சியாளர், நோயாளியின் ரத்தம் குடித்த மூட்டைப்பூச்சிகளை அறுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் அந்த உருண்டைகள் நீண்டு, ஆளுக்கொரு வால் முளைத்து நீந்திக்கொண்டிருந்தன. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! வேறென்ன சாட்சி வேண்டும்? டொனோவனுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அவர் வேறொரு ரத்தம் குடிக்கும் பூச்சியைச் சந்தேகப்பட்டார். ஆனாலும் மூட்டைப்பூச்சி மீதான வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. மூட்டைப்பூச்சிக்காக வாதாட யார் வரப்போகிறார்கள்? ஊர் முழுக்க அதன் மேல் ஏற்கெனவே கோபம் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஆளும் நமக்குப் பிடிக்காத ஆளும் ஒன்றாக இருந்துவிட்டால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும். இதை நீங்கள் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

மூட்டைப்பூச்சியின் வயிற்றில் கிருமி இருந்தது உண்மை. ஆனால் அது வெளியே வந்து இன்னொருத்தர் உடம்புக்குள் போகவில்லை. இருப்பது வேறு, கடத்துவது வேறு.

1924-ல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் என்ற மூவர் மணல் ஈயின் குடலில் அதே வால் முளைத்த கிருமிகளைக் கண்டார்கள். சிண்டன் என்பவர் வரைபடத்தை விரித்து, எங்கெல்லாம் நோயோ அங்கெல்லாம் இந்த ஈ என்று காட்டினார். சந்தேகம் பலமாயிற்று. ஆனால் நிரூபணம் வேண்டுமே. மணல் ஈயை நோயாளியைக் கடிக்கவிட்டு, பிறகு ஆரோக்கியமான ஜீவனைக் கடிக்கவிட்டுப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. வருஷா வருஷம் முயற்சி செய்தார்கள். வரவே இல்லை. குடலில் கிருமி கொழுத்துத் திரிகிறது, கடித்தால் ஒன்றும் ஆவதில்லை. இதுவும் இன்னொரு மூட்டைப்பூச்சிதானோ என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது உலர்திராட்சை. நம் பாயசத்தில் போடுகிற அதே திராட்சைதான். ஸ்மித், ஹல்தார், அகமது மூவரும் 1940 வாக்கில், நோயாளியின் ரத்தம் குடித்த ஈக்களுக்கு மறுபடி ரத்தம் கொடுக்காமல் திராட்சை கொடுத்து வளர்த்தார்கள். இயற்கையில் அது செடிச்சாறு குடிக்கிற பிராணிதானே? அந்த ஈக்கள் நிறைய நாள் உயிரோடு இருந்தன. உள்ளே கிருமிகள் பெருகிப் பெருகி, குடலின் முன்பகுதி தொண்டை வரைக்கும் அடைத்துக்கொண்டன. 1942-ல் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அஸ்ஸாமில் இப்படி வளர்த்த ஈக்களைத் தன்னார்வலர்களைக் கடிக்கவிட்டார்கள். ஐந்து பேருக்குக் காலா அஸார் வந்தது. மணல் ஈயின் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டது.

அந்த ஐந்து பேரைப் பற்றிப் பிறகு வருகிறேன். இப்போது வயிற்றுக்குள் இறங்குவோம்.

மணல் ஈ ஒரு நோயாளியைக் கடிக்கிறது. ரத்தத்தோடு கொஞ்சம் கிருமியும் உள்ளே போகிறது. மனிதனுக்குள் இருக்கும்வரை அது வாலில்லாத உருண்டை, நம்முடைய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ஈயின் குடலுக்குள் வந்ததும் சூழ்நிலை மாறுகிறது. சூடு குறைகிறது. உருண்டை நீள்கிறது. முன்பக்கத்தில் சாட்டை மாதிரி ஓர் இழை முளைக்கிறது. வால் என்றேன் அல்லவா, உண்மையில் அது தலைப்பக்கம். இந்த ஆசாமி வாலை முன்னால் வைத்துக்கொண்டு நீந்துகிறவர்.

ஈயின் குடலும் சும்மா இருப்பதில்லை. குடித்த ரத்தத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பையைக் கட்டிவிடுகிறது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பார்களே, அந்த மாதிரி மொத்தச் சாப்பாடும் பைக்குள். கிருமியும் அந்தப் பைக்குள் சிறை. வெளியே ஜீரண ரசங்கள். பையால் கிருமிக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. மூன்று, நாலு நாளில் பை கிழிகிறது. ஜீரணமானது போக மிச்சத்தை ஈ பின்வழியாக வெளியேற்றப் போகிறது. கிருமியின் வாழ்க்கையில் அதுதான் கண்டம். அந்தச் சமயத்தில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடி கிடைக்காதது சக்கையோடு சக்கையாக மண்ணில் விழுந்து செத்துப்போகும். வெள்ளத்தில் மரக்கிளையைப் பிடிக்கிற மாதிரி என்று சொல்லலாம்.

கிளை என்ன தெரியுமா? குடலின் உள்சுவர் வழவழவென்று இருக்காது. வெல்வெட் துணி மாதிரி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மயிரிழைகள் நிற்கும். கிருமி தன் சாட்டையை அந்த இழைகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறது. செருகினால் மட்டும் போதாதே, ஒட்ட வேண்டும். கிருமியின் உடம்பு முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தியிருக்கின்றன. தோலில் கொப்புளம் உண்டாக்குகிற, காலா அஸாரின் பங்காளிக் கிருமி ஒன்று இருக்கிறது. அதைச் சுமக்கிற மணல் ஈயின் குடலில், இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் காலெக்டின் என்ற புரதம் இருப்பதை 2004-ல் கண்டுபிடித்தார்கள். பூட்டும் சாவியும் மாதிரி. எல்லாச் சாவியும் எல்லாப் பூட்டுக்கும் சேராது. அதனால் சில ஈக்களில் சில கிருமிகள்தான் தங்க முடியும்.

ஒட்டுண்ணி என்று தமிழில் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஒட்டினால்தான் உண்ண முடியும்.

ஆனால் ஒட்டிக்கொண்டே இருந்தால் வேலை நடக்காது. ஈ சில வாரங்கள் வாழ்கிற ஜீவன். அதற்குள் அடுத்த மனிதனுக்குப் போயாக வேண்டும். எப்படிப் பிடியை விடுவது? அந்தப் பங்காளிக் கிருமி தன் சர்க்கரைச் சங்கிலியை நீட்டி, நுனியில் இருக்கும் சர்க்கரையை மாற்றிக்கொள்கிறது. பூட்டுக்கு இப்போது சாவி சேரவில்லை. தானாகக் கழன்று முன்னால் நீந்திப் போகிறது. பிடிக்கவும் தெரிகிறது, விடவும் தெரிகிறது. ‘பற்று’ என்ற ஒரே சொல்லை நாம் பிடிமானத்துக்கும் ஆசைக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். பற்றை எப்போது விடுவது என்று நமக்கு எத்தனையோ பிரசங்கங்கள். மூளையே இல்லாத ஓர் ஒற்றைச் செல் அதை ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறது. ஆன்மிக முதிர்ச்சி என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். குடலின் முன் முனையில், தொண்டை சேருகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. உறிஞ்சிய ரத்தம் உள்ளே போகும், திரும்ப வராது. நம் மோட்டார் பம்பில் ஃபுட் வால்வு இருக்குமே, கிட்டத்தட்ட அதே வேலை. இந்த வால்வின் மேல்பூச்சு கைட்டின் என்ற வழவழப்பான பொருள். செருகிக்கொள்ள அங்கே வெல்வெட் கிடையாது. எனவே ஒரு பிரிவு கிருமிகள் அங்கே வந்ததும் வேறு வேலை செய்கின்றன. நீந்துவதை நிறுத்துகின்றன. சாட்டையைச் சுருக்கி, நுனியை அகலமாக்கி, ரப்பர் உறிஞ்சியைக் கண்ணாடியில் அழுத்தி வைப்பதுபோல வால்வின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டுக்கு என்றே சில புரதங்கள் இருப்பதை 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதில் ஒன்றை நீக்கிவிட்டால் கிருமியால் வால்வைப் பிடிக்க முடிவதில்லை, ஈக்குள் அதன் குடித்தனமும் தள்ளாடிப் போகிறது.

வால்வில் ஒட்டிய இவை மனிதனுக்குள் போகப்போவதில்லை. போகப்போவது வேறொரு வடிவம், ஒல்லியாக, சுறுசுறுப்பாக, எதையும் பிடிக்காமல் நீந்துகிறது. ஒட்டினவை வாசலைக் கெடுத்து வைக்க, நீந்துகிறவை அந்த வழியே போகின்றன. போதாததற்கு இந்தக் கிருமிகள் ஒரு கோந்தை வேறு சுரந்து தொண்டையை அடைக்கின்றன. கைட்டினை அரிக்கும் ரசம் ஒன்றால் வால்வும் பழுதாகிறது.

ஈயின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பசி. முட்டையிட ரத்தம் வேண்டும். ஒரு மனிதன் தூங்குகிறான். போய்க் குத்துகிறது. உறிஞ்சுகிறது. ரத்தம் இறங்கவில்லை. தொண்டையில் அடைப்பு. மறுபடி குத்துகிறது. உறிஞ்சிய ரத்தம் பழுதான வால்வில் முட்டிக்கொண்டு, கோந்தையும் கிருமியையும் சேர்த்துக்கொண்டு திரும்பக் காயத்துக்குள்ளேயே வருகிறது. வயிறு நிறையவில்லை. இன்னொரு இடத்தில் குத்துகிறது. நிறையவில்லை. இன்னொருத்தர் மேல் போய் உட்காருகிறது. நல்ல ஈ ஒரு தடவை குடித்துவிட்டுப் போய்விடும். இந்த ஈ கடித்துக்கொண்டே இருக்கிறது. 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கிருமி தொற்றிய ஈக்கள் கடியை விடாமல் தொடர்கின்றன என்றும், மனிதனுக்குள் போகத் தயாரான வடிவம் அதிகமாக இருக்கிற சமயத்தில்தான் அந்தப் பிடிவாதமும் உச்சத்துக்குப் போகிறது என்றும் காட்டினார்கள்.

கடித்தது யார்?

ஈ என்று சொன்னால், அதன் பசி அதனுடையதாக இல்லை. கிருமி என்று சொன்னால், அதற்கு ஒரு பல்கூட இல்லை. திட்டமும் இல்லை. ‘அவசரம்’, ‘வேறு வேலை’ என்றெல்லாம் மேலே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேனே, எல்லாம் தமிழ் செய்கிற வேலை. வினைச்சொல் வந்தால் அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று பாஷை எதிர்பார்க்கிறது. நடந்தது இவ்வளவுதான்: பிடிக்கத் தெரிந்தவை மிஞ்சின, தெரியாதவை சக்கையோடு போயின. லட்சக்கணக்கான வருஷம் இப்படியே நடந்தது. முடிவில் ஒரு பெரிய கெடுதல் இருக்கிறது, செய்தவர் என்று பெஞ்சில் நிறுத்த ஆள் இல்லை.

நமக்கு இது தாங்காது. ஆள் இல்லாத கெடுதலை நம்மால் ஜீரணிக்க முடியாது. யாராவது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் போன ஜென்மத்தில் நாமாவது செய்திருக்க வேண்டும்.

உடனே ஒருத்தர் எழுந்து கேட்பார். ‘ஸார், தாலுகா ஆபீஸில் ஒருத்தர் கையெழுத்துக்கு ஐந்நூறு ரூபாய் கேட்கிறார். அவர் தொண்டையில் கந்துவட்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு வாங்கினாலும் அவர் வயிற்றுக்குப் போவதில்லை. அவரும் உங்கள் ஈ மாதிரிதானே? மன்னித்துவிடலாமா?’ நியாயமான கேள்வி. மேலதிகாரி ஏச்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிள்ளை மேல் பாய்கிற அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்கலாமா என்பதற்கு நான் இல்லை என்றுதான் சொல்வேன். ஈக்குக் குத்துவதற்கும் குத்தாமல் இருப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி கிடையாது. அந்தக் குமாஸ்தாவுக்கு உண்டு. சின்ன இடைவெளிதான், அதில் நிற்பது கஷ்டம்தான், வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது இன்னும் கஷ்டம். ஆனாலும் அந்த இடம் இருக்கிறது. அதே நிலைமையில் கை நீட்டாதவர்களும் அதே ஆபீஸில் இருக்கிறார்கள். எல்லோரும் ‘நான் வெறும் ஈதான் ஸார்’ என்று சொல்லிக்கொண்டு வர ஆரம்பித்தால் கோர்ட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதற்காகத் தொண்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டிப்பதற்கு அது தேவைப்படாமல் இருக்கலாம், நிறுத்துவதற்குத் தேவை. அந்தக் குமாஸ்தாவை சஸ்பெண்ட் செய்தால் வட்டிக்காரர் அடுத்த நாற்காலிக்குப் போவார். இந்த இரண்டையும் நாம் எப்போதும் குழப்பிக்கொள்கிறோம். கோபம் தீர்ந்தால் கெடுதல் நின்றுவிட்டதாக ஒரு நினைப்பு.

மணல் ஈயின் விஷயத்தில் மனிதர்கள் கோபப்படாமலே அதை நிறுத்தியதுண்டு. 1950-களில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். குறி கொசு. சுவர் வெடிப்பில் இருந்த மணல் ஈயும் சேர்ந்து செத்தது. பீகாரில் காலா அஸார் ஏறக்குறைய காணாமலே போயிற்று. யாரும் திட்டமிடவில்லை. மருந்தடிப்பது நின்றதும் 1970-களில் திரும்ப வந்து ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்கையில் போட்டது. பிறகு விசேஷமாக அதற்கென்றே ஒழிப்புத் திட்டம் போட்டு, மருந்தடித்து, நோயாளிகளைத் தேடிப் பிடித்து வைத்தியம் செய்தார்கள். 2023 அக்டோபரில், காலா அஸாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடாகப் பங்களாதேஷை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வருஷம் இந்தியாவிலும் நோய் இருந்த எல்லா ஒன்றியங்களிலும் பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டிவிட்டதாக அரசு சொன்னது.

முடிந்தது கதை என்று எழுந்து போய்விட முடியாது. மிச்சமிருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

காலா அஸார் வந்து குணமானவர்களில் நம் பக்கத்து நாடுகளையும் சேர்த்து 100-க்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு, ஆறு மாதமோ சில வருஷமோ கழித்து, தோலில் வெளிறிய திட்டுகள் வருகின்றன. சிலருக்குக் கட்டிகள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசி நன்றாக எடுக்கும், வயல் வேலைக்குப் போவார்கள். பார்க்கிறவர்கள் குஷ்டமோ என்று சந்தேகப்பட்டு ஒதுங்குவதுதான் தொல்லை. அந்தத் திட்டுகளில் கிருமி இருக்கிறது. மணல் ஈ வந்து அங்கே கடித்தால் அதற்குத் தொற்றுமா? பங்களாதேஷில் 2019-ல் வெளியான ஆய்விலும், பீகாரில் 2021-ல் வெளியான ஆய்விலும், ஆய்வகத்தில் வளர்த்த சுத்தமான ஈக்களை இவர்கள் தோலில் கடிக்கவிட்டுப் பார்த்தார்கள். தொற்றியது. கிருமி இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களையும் பீகாரில் சோதித்தார்கள். அவர்களிடமிருந்து ஓர் ஈக்கும் தொற்றவில்லை. ஆக, ஊரில் காலா அஸார் நோயாளிகள் எல்லோரும் குணமான பிறகும், அடுத்த சுற்றுக்குக் கிருமியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இந்தத் திட்டுக்காரர்கள்தான்.

இவர் ஈ இல்லை. மனிதர். அவருக்கு அந்த இடைவெளி இருக்கிறது. அவர் செய்த குற்றமும் ஒன்றுமில்லை. ஏழையாகப் பிறந்து மண் சுவர் வீட்டில் தூங்கினார், ஒரு தொண்டை அடைத்த ஈ வந்து கடித்தது, அவ்வளவுதான். சுகாதார ஊழியர் வந்து அவரிடம் என்ன கேட்கிறார் தெரியுமா? மில்டெஃபோசின் என்ற மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறார். பல வருஷங்களாக இவர்களுக்கு 12 வாரம் கொடுத்தார்கள். குமட்டும், வாந்தி வரும். கர்ப்பத்திலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை. சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டது பிறகு தெரியவந்து எச்சரிக்கை விட்டார்கள். உடம்பு நன்றாக இருக்கிற ஒருத்தர், முக்கியமாக மற்றவர்களுடைய நன்மைக்காக, இவ்வளவையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கேட்கலாமா? எனக்குக் கேட்கலாம் என்றுதான் தோன்றுகிறது. குற்றம் இல்லாத இடத்திலும் பொறுப்பு இருக்க முடியும். அவர் வழியாக நோய் போகிறது, போகவிடாமல் தடுக்க அவரால் முடியும், தடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வரலாம். ஆனால் கேட்கிற தோரணையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உன்னால்தான் ஊருக்கு நோய்’ என்று கேட்டால் அது மூட்டைப்பூச்சி வழக்கு. ‘உங்களிடம் ஓர் உதவி கேட்க வந்திருக்கிறோம்’ என்று கேட்டால், கேட்கிறவருக்கும் கடமை வருகிறது. மூன்று மாதக் கூலி போனால் யார் கொடுப்பது? (அரசு ஒரு தொகை தருகிறது. அது போதுமா என்பதை வாங்குகிறவரைத்தான் கேட்க வேண்டும்.) கண்ணை மாதா மாதம் யார் பரிசோதிப்பது? இது குஷ்டம் இல்லை என்று டீக்கடையில் எடுத்துச் சொல்வது யார்?

1942-ல் கையை நீட்டிய ஐந்து பேரை இப்போது நினைத்துக்கொள்கிறேன். தன்னார்வலர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். மனிதர்களை வைத்துப் பரிசோதனை செய்ய அவர்களுடைய முழுச் சம்மதம் வேண்டும் என்ற நியூரம்பர்க் விதிகள் வந்தது 1947-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், அஸ்ஸாமில், வெள்ளைக்கார ராஜாங்கத்தில், ‘சம்மதம்’ என்ற வார்த்தைக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும்? கொஞ்சம் யோசித்தால் உறுத்தும். மணல் ஈயின் குற்றத்தை நிரூபிக்க அதன் தொண்டையை அடைத்து வைத்தவர்கள் மனிதர்கள், திராட்சை கொடுத்து வளர்த்தவர்களும் அவர்களே. கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. கடி வாங்கியவர்கள் ‘ஐந்து பேர்’ என்ற எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். பங்களாதேஷிலும் பீகாரிலும் கடிக்கக் கொடுத்தவர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறோம்.

காலா அஸாருக்கான மணல் ஈ தமிழ்நாட்டிலும் இருக்கிறது. நோய்தான் இங்கே இப்போது பரவவில்லை. அடுத்த தடவை ஏதாவது கிராமத்துக்குப் போனால், மாட்டுத் தொழுவத்துச் சுவர் வெடிப்பில் பாருங்கள். இறக்கையை ‘வி’ மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தால் அதுதான். தாராளமாக அடியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. திட்டிக்கொண்டே அடிக்க வேண்டாம்.